பங்கோருக்குப் புறப்படும் கமுந்திங் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வரும் பள்ளி விடுமுறையில் நீங்கள் சேர்ந்து போகவிருக்கும் இரண்டு நாள் பயணத்தின் அட்டவணையை உங்களில் ஒரு தம்பி மாமாக் கடையில் எனக்குக் காட்டினார். முதல் நாள் காலை புக்கிட் மேரா ஏரியில் ஓராங் ஊத்தான் தீவு. மதியம் கோலா செபத்தாங்கில் படகேறிக் கழுகுக்குத் தீனி. அங்கிருந்து நேரே லூமுட், ஃபெரி, பங்கோர். மாலை ஆறரைக்குத் தெலுக் நிப்பாவில் இருவாச்சிக்குத் தீனி. மறுநாள் குரங்கு, கடல் குளியல், இக்கான் பிலிஸ் வாங்கிக்கொண்டு வீடு. மேலே கொட்டை எழுத்தில் ‘நம்ம நாட்டு விலங்குகளைத் தேடி’ என்று தலைப்பு வேறு.

அங்கேயே என் கருத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தே தாரிக் மேசையில் நான் வாயைத் திறந்தால் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவீர்கள். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. இதே மாதிரி அட்டவணை சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவிலும் இப்போது தயாராகிக்கொண்டிருக்கும் என்பதால் அவர்களும் படிக்கட்டும் என்று ஊரறிய எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு நான் அண்ணன், மீதிப் பேருக்கு மாமா. அந்த உரிமையும் இருக்கிறது.

சொல்ல வந்தது ஒன்றுதான். அட்டவணையில் ஒவ்வொரு விலங்குக்கும் நீங்கள் நேரம் குறித்திருக்கிறீர்கள். அந்த விலங்கு எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதி அட்டவணை தானாகவே அடிபட்டுப் போயிருக்கும், பயணமும் நன்றாக இருந்திருக்கும்.

போக வேண்டாம் என்று தடுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் போவதே எனக்குப் பெரிய செய்தி. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பெரியவர்களுக்குக் காடு என்றால் வேலை, இல்லையென்றால் பயம். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர்களுக்கு மரத்தடியில் பாம்பு இருக்குமோ, பள்ளத்தில் காட்டுப்பன்றி நிற்குமோ என்ற கவலைதான். புலி வந்த கதை ஒவ்வொரு லயத்திலும் ஒன்று இருக்கும். விலங்கைப் பார்ப்பதற்காகக் காசு கட்டி, ஃபெரி ஏறி, ஓர் இரவு தங்கி வருவார்கள் என்று என் பாட்டியிடம் சொல்லியிருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பார். நமக்கு விடுமுறை என்றால் பத்துமலை, பினாங்கு தண்ணீர்மலை, கொஞ்சம் காசிருந்தால் கேமரன் மலை. விலங்கு என்றால் தைப்பிங் மிருகக்காட்சி சாலை. அதைத் தாண்டி ஒரு பறவைக்காகத் தீவுக்குப் போகலாம் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தோன்றியிருக்கிறதே, அதற்காகவே உங்கள் எல்லாருக்கும் நான் ஒரு ரோட்டி சானாய் கடன்.

முதலில் ஓராங் ஊத்தான். புக்கிட் மேரா நம் வாசலில் இருப்பதால் அட்டவணையில் முதலில் போட்டிருக்கிறீர்கள். அந்த ஏரி இயற்கை ஏரி அல்ல. கிரியான் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்ச 1902இல் வேலை தொடங்கி, குராவ் ஆற்றை மறித்து 1906இல் முடித்த அணைக்கட்டு. அதற்குள் இருக்கும் ஒரு தீவில்தான் ஓராங் ஊத்தான்களை வைத்திருக்கிறார்கள். அங்கே மனிதர்கள் கம்பி வலை போட்ட பாதைக்குள் நடக்க வேண்டும், விலங்குகள் வெளியே மரத்தில் இருக்கும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். யார் கூண்டுக்குள் இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் உங்கள் தலைப்பு ‘நம்ம நாட்டு விலங்கு’ ஆயிற்றே. நாடு என்று பார்த்தால் சரி, சபாவும் சரவாக்கும் மலேசியாதான். பேராக் காட்டில் ஓராங் ஊத்தான் கிடையாது. தீபகற்பத்தின் எந்தக் காட்டிலும் இன்று கிடையாது. அது போர்னியோவிலும் சுமத்ராவிலும் வாழும் உயிர். மூன்று இனங்கள்; மூன்றாவதான தப்பானுலி இனத்தைத் தனி இனம் என்று 2017இல்தான் அறிவித்தார்கள், எண்ணூறுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. தாய் ஒரு குட்டியை ஈன்றால் அடுத்ததற்கு ஆறேழு ஆண்டுகூட ஆகும். அதனால் ஒரு காடு அழிந்தால் அங்கிருந்த கூட்டம் மீண்டு வருவது அபூர்வம். ஒரு காலத்தில் அவை இங்கேயும் இருந்தன என்பதற்கு 2013இல் வெளியான ஆய்வு ஒன்று சான்று காட்டியது: புதைபடிவமாகிப்போன ஓராங் ஊத்தான் பற்கள். கிடைத்த இடங்களில் ஒன்று பத்துமலை. தைப்பூசத்துக்கு நாம் காவடி தூக்கி ஏறுகிறோமே, அதே சுண்ணாம்பு மலை. மனிதன் கோயில் கட்ட வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது அங்கே குடியிருந்திருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஓராங் ஊத்தானைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், காசு சேர்த்து ஒருமுறை சபாவில் கினாபத்தாங்கான் ஆற்றுக்குப் போங்கள். இந்த இரண்டு நாளிலிருந்து அதைத் தூக்கிவிடுங்கள்.

புக்கிட் மேராவின் சொந்த உயிர் ஏரிக்குள்ளேயே இருக்கிறது. கமுந்திங்கில் கொமுட்டர் ஏறி பாகான் செராய்க்குப் போகும்போது ரயில் நீண்ட பாலத்தில் ஏரியைக் கடக்கும், எல்லாரும் ஜன்னலோரம் படம் எடுப்பீர்கள். அந்தத் தண்ணீரில்தான் கெலிசா மீன். முட்டைகளை ஆண்மீன் வாய்க்குள் வைத்து வாரக்கணக்கில் காக்கும். அதிர்ஷ்ட மீன் என்று பெயர் எடுத்ததுதான் அதற்கு வந்த துரதிர்ஷ்டம்: தொட்டியில் வளர்க்க ஆயிரக்கணக்கில் வெள்ளி கொட்டி வாங்கினார்கள், காட்டு மீன் அரிதாகிப்போனது. 1975 முதல் உலக வணிகத் தடைப் பட்டியலில் அது முதல் வரிசையில் இருக்கிறது. பெரோடுவா 2001இல் விட்ட குட்டிக் காருக்கு அதன் பெயரைத்தான் வைத்தார்கள். கமுந்திங்கில் கெலிசா காரை ஓட்டாத தமிழ்க் குடும்பம் குறைவு. கெலிசா மீனை அதன் தண்ணீரில் பார்த்தவர் அதைவிடக் குறைவு.

அடுத்தது கோலா செபத்தாங். இதையும் இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள், ஆனால் இதற்கு ஒரு தனி நாளே கொடுக்கலாம். நமக்குப் பக்கத்து ஊர். போர்ட் வெல்ட் என்று பெயர் இருந்த காலத்தில் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் 1885இல் இந்த மண்ணின் முதல் ரயில் ஓடியது. பழைய நிலையத்தின் பெயர்ப்பலகையில் தமிழிலும் எழுதியிருக்கும், ஒரு காபிக் கடை வாசலில் நின்று படிக்கலாம். சுற்றிலும் மாத்தாங் சதுப்புக் காடு, நாற்பதாயிரம் ஹெக்டர். முப்பது ஆண்டுச் சுழற்சியில் வெட்டி, நட்டு, கரி சுட்டு, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் காடு காடாகவே நிற்கிறது. வெட்டியும் காப்பாற்ற முடியும் என்று காட்டிய இடம் உலகத்திலேயே குறைவு.

படகுக்காரர்கள் காட்டும் ‘கழுகு’ பெரும்பாலும் செம்பருந்து. உடல் செங்கல் நிறம், தலையும் மார்பும் வெள்ளை. அதற்கு நம் வீட்டில் என்ன பெயர் என்று அம்மாவைக் கேளுங்கள். கருடன். கும்பாபிஷேகத்தில் கலசத்துக்கு மேலே அது வட்டமிடும்வரை ஐயர் காத்திருப்பார், வந்ததும் ஊரே அண்ணாந்து கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அதே கருடனுக்கு இங்கே வாளியிலிருந்து கோழித்தோலை அள்ளி வீசுகிறார்கள், நாம் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிறோம். கோழித்தோலில் கொழுப்பைத் தவிர பெரிதாக ஒன்றும் இல்லை. முழு மீனிலும் நண்டிலும் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் ஏது? லங்காவியில் இந்தப் பழக்கத்தை இயற்கை ஆர்வலர்கள் வெகுகாலமாகக் கண்டித்து வருகிறார்கள். கருடனைப் பார்க்க வாளி தேவையில்லை. மீன்பிடிப் படகுகள் கரை திரும்பி, கழிவு மீனைத் தண்ணீரில் கொட்டும் நேரத்தில் ஜெட்டியில் போய் நின்றால் போதும். அது அவற்றின் வழக்கமான சாப்பாட்டு வேளை, யாரும் விசில் அடித்துக் கூப்பிட வேண்டியதில்லை. ஆற்று முகத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் கூன்முதுகு டால்ஃபினும் தலைகாட்டும். இரவு பெரெம்பாங் மரங்களில் மின்மினி. ஒரு முழு நாள் வேண்டும் என்று இதனால்தான் சொன்னேன்.

ஆக, இரண்டு நாளும் பங்கோருக்கே. வேன் சங்காட் ஜெரிங், துரோங் தாண்டிப் பந்தாய் ரெமிஸ் வழியாகப் போகும். அங்கே கடலோரம் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கம் ஒன்று 1993இல் சரிந்து, கண் முன்னே கடல் உள்ளே புகுந்து குடாவாகிப்போனது. ஈயம் தோண்டிப் பிழைத்த கமுந்திங்கிலிருந்து போகிறவர்கள் அந்த இடத்தைச் சும்மா கடந்துபோகக் கூடாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊருக்குப் பழைய பெயர் கிளியான் பாரு. தைப்பிங் கிளியான் பாவ். இந்த இரண்டு ஊர்களின் ஈயச் சுரங்கங்களையும் வைத்து கீ ஹின், ஹாய் சான் என்ற சீனக் கூட்டங்கள் அடித்துக்கொண்ட லாருட் போர்களை நிறுத்தத்தான் 1874 ஜனவரியில் பங்கோர் கடலில் கப்பலில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். ஆங்கிலேயர் பேராக்கில் கால் வைத்தது அதில்தான், நம் முன்னோரைக் கொண்டுவந்து பால்மரத் தோட்டம் போட்டது அதற்கு அப்புறம். கமுந்திங்குக்கும் பங்கோருக்கும் சம்பந்தம் அன்றைக்கே ஆகிவிட்டது, நீங்கள் புதிதாய்ப் போகவில்லை.

லூமுட்டில் ஏறினால் ஃபெரி முதலில் சுங்கை பினாங் கெச்சில் ஜெட்டியைத் தொட்டுவிட்டுப் பங்கோர் பட்டணத்துக்குப் போகும். இறங்கியதும் ரோஸ் நிற வேன்கள் நிற்கும். அதில் ஏறித் தீவின் மேற்குப் பக்கம், தெலுக் நிப்பா. பத்திரகாளியம்மன் கோயிலும் இந்தத் தீவில்தான் இருக்கிறது. மாசி மகத்தில் பேராக் முழுக்க நம் ஆட்கள் அங்கே குவிவார்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் தலைக்கு மேலே கம்பியில் உட்கார்ந்திருந்த பறவையைப் பார்த்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

இருவாச்சி. உங்கள் அட்டவணையில் அதற்கு அரை மணி நேரம்தான் ஒதுக்கியிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பங்கோரில் இருப்பது கறுப்பு வெள்ளை இருவாச்சி. மலேசியாவின் பத்து வகையில் சிறியதில் சேர்த்தி. அப்படியும் அலகு நுனியிலிருந்து வால் வரை நம் முழங்கைக்கு மேல் நீளும். பக்கத்தில் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அலகு, அதன் மேல் மஞ்சளாய் ஏறி நிற்கும் கொம்பு. ஆணுக்கு அது பெரியது, பெண்ணுக்குச் சின்னது, கறுப்புக் கறை அதிகம். குஞ்சுக்கு இன்னும் முளைத்திருக்காது. அடுத்துக் கண்ணைப் பாருங்கள். இமையில் முடி இருக்கும், நம் வீட்டுப் பெண்பிள்ளைக்கு இருப்பது போல நீளமாக. உண்மையில் அது முடி அல்ல, இறகு மெலிந்து அப்படி ஆகியிருக்கிறது. பழத்தை எடுக்கும் விதம் வேடிக்கை. நாக்கு குட்டை, அலகு நீளம். நுனியில் கவ்விய பழத்தை நாக்கால் உள்ளே தள்ள முடியாது. அதனால் தலையை ஒரு வெட்டு வெட்டி, பழத்தை மேலே எறிந்து, நேரே தொண்டைக்குள் பிடிக்கும். தவறி விழுந்து நான் பார்த்ததில்லை.

கூடு கட்டாது. மரப்பொந்தைத் தேடும். பெண் உள்ளே போனதும் வாசலை மண்ணும் எச்சமும் பழச் சதையும் குழைத்து அடைத்துவிடும், அலகு நுழைய ஒரு பிளவு மட்டும் மிச்சம். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பறக்கிற பருவம் வரும்வரை இரண்டு மூன்று மாதம் அவள் வெளியே வருவதில்லை. அத்தனை நாளும் ஆண் ஒருவன்தான் எல்லார் வயிற்றுக்கும் பொறுப்பு. பழங்களைத் தொண்டைக்குள் சேர்த்துக்கொண்டு வந்து, பிளவில் அலகை நீட்டி ஒவ்வொன்றாக மேலே வரவழைத்துக் கொடுப்பான். ஓணான், பூச்சி, சின்னப் பறவைக்குஞ்சு, கிடைத்தால் வௌவாலும் பட்டியலில் உண்டு. ஆண் செத்தால் உள்ளே இருப்பவர்களின் கதி என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே நீங்கள் போகிற மாதத்தில் ஆண் மட்டும் தனியாக வந்து, பழத்தை விழுங்காமல் சேர்த்துக்கொண்டு காட்டுப் பக்கம் பறந்தால், யாரும் பின்னால் ஓடக் கூடாது. போகிற திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவு போதும்.

பொந்துள்ள பெரிய மரம் இல்லாத இடத்தில் இருவாச்சி இல்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் உங்கள் கூட்டாளிகளுக்கு இந்தக் கதை பிடிக்கும். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவிலேயே இந்தப் பறவை அழிந்துவிட்டது. 1994இல் ஓர் இணை ஜொகூர்ப் பக்கத்திலிருந்து பறந்து வந்து புலாவ் உபினில் தங்கியது. தங்குவதற்குப் பொந்து போதவில்லை என்று 2004இல் செயற்கைக் கூட்டுப் பெட்டிகளை மரத்தில் மாட்டினார்கள். இன்று அடுக்குமாடி ஜன்னல் விளிம்பில் வந்து உட்காருகிறது. கூண்டில் வளர்த்த பறவையை வெளியே இழுத்துத் தின்ற புகாரும் வந்தது. இருவாச்சி சைவம் என்று எவரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பங்கோர் தீவு என்பதால் ஒரு கவலை கூடுதல். அந்தமானுக்குக் கிழக்கே நார்கொண்டம் என்று ஒரு தீவு, சுமார் ஏழு சதுர கிலோமீட்டர்தான். அங்கே வாழும் இருவாச்சி உலகில் வேறு எங்கும் இல்லை. அந்தத் தீவில் ரேடார் நிலையம் வைக்கக் கடலோரக் காவல்படை கேட்டபோது, அப்போது இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெயந்தி நடராஜன் 2012இல் முடியாது என்றார். 2014இல் வந்த அடுத்த அரசு சரி என்றது. பங்கோர்ப் பறவைக்கு அந்த அளவு நெருக்கடி இல்லை, தீபகற்பம் முழுக்க இருக்கிறது. ஆனால் பங்கோரிலும் விடுதிகளுக்குப் பின்னால் ஏறும் அந்த மலைக்காடு போனால், ஆறரை மணிக்கு வர ஒரு பறவையும் இருக்காது.

இப்போது ஆறரை மணிக்கு வருவோம். தெலுக் நிப்பாவில் ஒரு விடுதிக்காரர் ஆண்டுக்கணக்கில் மாலையில் பழம் வைத்து வருகிறார், பறவைகளும் நேரம் தவறாமல் வந்து கம்பியிலும் கூரையிலும் இறங்குகின்றன. வாழைப்பழத் துண்டை நீட்டினால் விரல் நுனியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். உங்களில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: “அண்ணே, அதனால பறவைக்கு என்ன கெட்டுப்போச்சு? அந்த ஊர்க்காரர் அதைக் காப்பாத்துறாரே?” நியாயமான கேள்வி. இருவாச்சியால் பத்து விருந்தினர் வருகிறார்கள் என்று தெரிந்த ஊரில் அதைக் கல்லால் அடிக்க யாரும் விடமாட்டார்கள். சட்டமும் 2010 முதல் அதை முழுப் பாதுகாப்பில் வைத்திருக்கிறது, ஆனால் கல்லெறிபவனைப் பிடிக்கச் சட்டத்தைவிட விடுதிக்காரர் பக்கத்தில் இருக்கிறார். அந்த அளவுக்கு அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. ஒருவர் பழம் வைத்தால் பத்துப் பேர் ரொட்டி வைப்பார்கள், பதினோராவது ஆள் நாசி லெமாக் பொட்டலத்தை நீட்டுவார். அத்திப்பழம் தின்று, மலையேறி, விதையை எச்சத்தில் போட்டுக் காட்டை நடுகிற பறவை அது. பெரிய விதையை அப்படிச் சுமந்துபோக அந்தக் காட்டில் வேறு எத்தனை பறவைக்கு அலகு இருக்கிறது? அது மாலை முழுக்கக் கம்பியில் உட்கார்ந்து ரொட்டிக்குக் காத்திருந்தால் அந்த வேலையை யார் பார்ப்பார்கள்? ஆகவே ஆறரைக்குப் போங்கள், நில்லுங்கள், பாருங்கள். கையைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கொடுக்கும்போது பக்கத்தில் வரும், இமையையும் கொம்பையும் பார்த்துக்கொள்ள அதுவே போதும்.

நான் கேட்பது மறுநாள் விடிகாலை. நம் பக்கம் வெளிச்சம் வரவே ஏழு மணி ஆகும், அதனால் நடுராத்திரியில் எழச் சொல்கிறேன் என்று அலற வேண்டாம். ஆறேமுக்காலுக்குப் பல் துலக்கிவிட்டு, பசியாறாமல், மலையடிவாரத்தில் பழம் பிடித்திருக்கும் ஒரு ஆரா மரத்தைத் தேடிப் போய் நில்லுங்கள். ஆலும் அத்தியும் அரசும் சேர்ந்த இனம், அடியில் பழம் சிதறிக் கிடந்தால் அதுதான். முதலில் சத்தம் வரும், ஒருவர் கெக்கலி கொட்டிச் சிரிப்பது போல. பிறகு சிறகடிப்பு: சில அடி, ஒரு மிதப்பு, மறுபடி சில அடி. ஒன்று வரும், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. யாரும் கூப்பிடவில்லை, யாரும் பழம் நீட்டவில்லை. அரை மணி நேரத்தில் ஒன்றும் வராமலும் போகலாம். அப்படிப் போனால் திரும்பி வந்து ரோட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, மாலை மறுபடி போங்கள். அதற்குத்தான் புக்கிட் மேராவையும் செபத்தாங்கையும் வெட்டி உங்களுக்கு நேரம் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறேன்.

காத்திருக்கும் நேரத்தில் மரத்தையும் பாருங்கள். பாலாவ் புத்தே என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மரங்களில் ஒன்று லூமுட்டின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கி நிற்கிறது: ஷோரியா லுமுதென்சிஸ். லூமுட், செகாரி, பங்கோர்க் காடுகளில் மட்டும் இருக்கும் மரம். பேராக்கைத் தாண்டி உலகில் எங்கும் கிடையாது. ‘நம்ம நாட்டு’ என்று நீங்கள் தலைப்பு வைத்தீர்களே, அதற்கு முழுத் தகுதியுள்ளது இதுதான், ஆனால் உங்கள் அட்டவணையில் இதற்கு இடமில்லை. ஓடாது, பறக்காது, படம் எடுத்தால் யாரும் லைக் போட மாட்டார்கள். அரிய மரம், வெட்டுக் கத்தியால் பெயர் செதுக்க வேண்டாம். இதை எழுத வேண்டியிருப்பதே வருத்தம், ஆனால் தைப்பிங் ஏரிப் பூங்கா மரங்களில் நம் ஊர்ப் பெயர்களைப் பார்த்தவன் நான்.

குரங்கைப் பற்றிச் சுருக்கமாக. நீள்வால் குரங்கு தெலுக் நிப்பாவில் உங்களைத் தேடி வரும், நீங்கள் தேட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டால் போதும். அதற்குத் தீனி போடாதீர்கள் என்று சொல்வதற்குக் கடி, கீறல் மட்டும் காரணமல்ல. மனித வகை மலேரியா 2018 முதல் இந்த நாட்டில் உள்ளூரில் தொற்றவில்லை. இன்று நம்மைப் பிடிப்பது குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் நோலெசி வகை. குரங்கும் மனிதனும் கொசுவும் ஒரே இடத்தில் கூடும் விருந்தை நாம் ஏன் நடத்த வேண்டும்? காட்டுப் பாதையில் நடப்பவர்கள் முழுக்கைச் சட்டை போடுங்கள்.

மதிய வெயிலில் பறவை வராது, அந்த நேரம் உங்களுடையது. குளியுங்கள். 2020 முதல் பங்கோர் வரியில்லாத் தீவு என்பது உங்களில் சிலருக்கு இருவாச்சியைவிட நன்றாகத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். புட்டியைக் கடற்கரையில் விட்டுவிட்டு வராதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். சும்மா இருக்க முடியாதவர்கள் தெலுக் கெடோங்கில் டச்சுக்காரர் கோட்டையைப் பார்க்கலாம். 1670இல் ஈய வணிகத்துக்காகக் கட்டியது, இருபது ஆண்டில் உள்ளூர்க்காரர்கள் இடித்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு பெரும் பாறை, அதில் ஒரு குழந்தையைப் புலி கவ்வுவது போல் செதுக்கியிருக்கிறது. டச்சுக் குழந்தை ஒன்று காணாமல் போன கதையை அதனோடு சேர்த்துச் சொல்வார்கள். புலி தின்றதா, ஊர்க்காரர் கொண்டுபோய்விட்டுப் புலிமேல் பழி போட்டார்களா என்று இன்றும் வாதம் உண்டு. புலிக்கு வக்கீல் இல்லை.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்; ஃபெரியில் போடலாம் என்று பேரம் பேசாதீர்கள், கொண்டுவந்தால் கட்டாயம் காட்டிலும் போடுவீர்கள். டிரோன் வேண்டாம், கூடு இருக்கும் பக்கம் அது பறந்தால் ஆண் பறவை இரையோடு திரும்பிப் போய்விடும். மஞ்சள், சிவப்புச் சட்டை குழுவின் ஒற்றுமையைக் காட்டும், காட்டில் உங்களையும் காட்டிக்கொடுக்கும். பச்சையோ பழுப்போ உடுத்துங்கள். பன்னிரண்டு பேரும் ஒரே மரத்தடியில் நிற்காமல் மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்கள் அவர்களை முன்னால் நிறுத்துங்கள், பொறுமை அவர்களுக்கு உங்களைவிட அதிகம்.

திரும்பும் வழியில் நேரம் இருந்தால் செகாரியில் மீன்வளத் துறையின் ஆமை நிலையத்தில் இறங்கலாம். பச்சை ஆமைகள் அந்தக் கடற்கரையில்தான் முட்டையிடக் கரையேறுகின்றன. ஆமை ஏறுவது இரவில், நீங்கள் போவது பகலில், அதனால் தொட்டியில் குஞ்சைத்தான் பார்ப்பீர்கள். பரவாயில்லை, அது எந்தக் கரையில் பொரிந்தது என்று தெரிந்துகொண்டு வந்தால் போதும். அடுத்த பயணத்துக்கு மேல் பேராக்கின் தெமெங்கோர் ஏரியை யோசித்து வையுங்கள். அங்கே பூலாவ் பாண்டிங் என்று ஒரு தீவு இருக்கிறது, பெலும் காட்டில் மலேசியாவின் பத்து வகை இருவாச்சியும் இருக்கின்றன. அதற்கு இரண்டு நாள் போதாது, லீவுக்கு இப்போதே மனுப் போடுங்கள்.

என்னிடம் ஒரு பைனாக்குலர் இருக்கிறது. பழையதுதான், ஆனால் கண்ணாடியில் பூஞ்சணம் இல்லை. அதைக் கேட்டு யார் வந்தாலும் கொடுக்கத் தயார். ஒரே நிபந்தனை: புதிய அட்டவணையை எழுதி எடுத்து வர வேண்டும், அதில் இரண்டாம் நாள் காலை ஆறேமுக்கால் என்று இருக்க வேண்டும். ஞாயிறு மாலை அதே மாமாக் கடையில் இருப்பேன். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கமுந்திங்கிலிருந்து உங்கள் அண்ணன்